போர்ச் சட்டம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கே போர் வெடித்தாலும் முதலில் எழும் கேள்வி, "யார் ஆரம்பித்தது?" நியாயம் இருக்கும் பக்கம் என்ன செய்தாலும் சரி என்று பேச்சு முடியும். எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். போர் தொடுக்கலாமா என்பதைச் சொல்வது 1945-இன் ஐ.நா. சாசனம். தொடுத்த பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 1949-இன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்கள் இருக்கின்றன. படையெடுத்து வந்தவருக்கும் எதிர்த்து நிற்பவருக்கும் அவை ஒன்றேதான். எதிரி மீறினான் என்பதற்காகப் பொதுமக்கள் மீது பழிதீர்ப்பதை இந்த ஒப்பந்தங்களோடு பின்னர் சேர்க்கப்பட்ட 1977-இன் முதல் கூடுதல் நெறிமுறை தடை செய்கிறது.

உள்நாட்டுப் போருக்கு இதெல்லாம் பொருந்தாது என்பதும் தவறு. நான்கு ஒப்பந்தங்களிலும் பொதுவாக உள்ள 3-ஆவது பிரிவு அதற்காகவே எழுதப்பட்டது.

அப்புறம், "மருத்துவமனைக்குள் துப்பாக்கி இருந்தது, அதனால் தாக்கினார்கள்" என்ற வாதம். காயம்பட்ட வீரர் ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். அவரிடமிருந்து வாங்கி வைத்த துப்பாக்கி, இன்னும் ஒப்படைக்கப்படாமல் மூலையில் சாய்ந்திருக்கிறது. இந்த ஒரு காட்சியை வைத்து மருத்துவமனையின் பாதுகாப்பைப் பறிக்க முடியாது என்று நான்காவது ஒப்பந்தத்தின் 19-ஆவது பிரிவே சொல்கிறது. உள்ளேயிருந்து உண்மையிலேயே எதிரிக்குத் தீங்கு செய்தாலும் முதலில் எச்சரிக்க வேண்டும். பொருத்தமான நிலைமைகளில் நியாயமான அவகாசமும் தர வேண்டும். அதையும் மதிக்காவிட்டால்தான் பாதுகாப்பு போகும். அப்போதும் நோயாளிகள் நோயாளிகள்தான், அவர்களைக் குறிவைக்கக் கூடாது.

விகிதாசாரம் என்ற சொல்லைக் கேட்டதும் இரு பக்கத்துப் பிணங்களையும் எண்ணி ஒப்பிடுகிறோம். சட்டம் கேட்பது வேறு. தாக்குதலுக்கு உத்தரவிடும் நேரத்தில் தளபதிக்குத் தெரிந்திருந்தது என்ன? கிடைக்கப்போகும் நேரடியான ராணுவ ஆதாயத்தோடு ஒப்பிட்டால், பொதுமக்களுக்கு நேரக்கூடிய இழப்பு மிதமிஞ்சியதா? இதனால்தான் பொதுமக்கள் இறந்த ஒவ்வொரு தாக்குதலையும் உடனே போர்க்குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. கேட்கக் கசக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

கடைசியாக, நம் கைப்பேசியில் நடக்கும் தவறு. பிடிபட்ட வீரரை மண்டியிட வைத்து எடுத்த வீடியோவைப் பகிர்கிறோம். போர்க்கைதிகளை அவமதிப்பிலிருந்தும் ஊரார் வேடிக்கை பார்ப்பதிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது மூன்றாவது ஒப்பந்தம். அந்தக் கடமை அவரைப் பிடித்து வைத்திருக்கும் நாட்டுக்குத்தான். ஆனால் அந்த வேடிக்கைக் கூட்டம் நாம்தான். விசாரணையில்கூட அவர் சொல்லியாக வேண்டியது பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண், இவ்வளவுதான்.