சீரியல் மனைவியும் நம் வீட்டுக் கணக்கும்: புதுமணத் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் ஒரு வீட்டுக்குப் புது மருமகள் வந்த சில வாரங்களுக்குள், உறவினர் யாராவது சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவார்: "உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" மீனாட்சி ஆளும் ஊர் மதுரை, நடராசர் ஆளும் ஊர் சிதம்பரம் என்ற கணக்கில், வீட்டில் யார் சொல் செல்லும் என்று கேட்கும் கேலி அது. கேலியில் குற்றம் இல்லை. ஆனால் விடியலில் எழுந்து பால் காய்ச்சுபவர் யார், சிலிண்டர் தீரப்போவதைக் கவனித்துப் பதிவு செய்பவர் யார், யார் சம்பளத்தில் எந்தக் கடன் கழிகிறது, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பவற்றை அது கேட்பதில்லை. தொலைக்காட்சியும் சினிமாவும் விளம்பரங்களும்கூட இவற்றைப் பெரும்பாலும் கேட்பதில்லை. மனைவி செய்யும் வேலையை அவை மனைவியின் குணமாக மாற்றிக் காட்டுகின்றன: பொறுமைசாலி, தியாகி, விட்டுக்கொடுப்பவள், அல்லது திமிர் பிடித்தவள். குணம் என்று ஆகிவிட்டால் அதற்கு நேரக் கணக்கு கிடையாது, கூலிக் கணக்கும் கிடையாது. அந்தச் சித்திரத்தைத் திரும்பவும் வேலையாகவும் பணமாகவும் கையெழுத்தாகவும் பிரித்துப் பார்க்கும் முறையே இங்கே சொல்லப்படுகிறது. திருமணமாகி ஓராண்டுக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும், இன்னும் பெண் பார்க்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு சீரியலை நோட்டும் பேனாவுமாகப் பாருங்கள்

வீட்டில் வழக்கமாக ஓடும் சீரியல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாள் கதையை இருவரும் சேர்ந்து முழுவதுமாகப் பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு விவரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இதில் நடக்கும் வேலை என்ன, அதைச் செய்பவர் யார், அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், செலவாகும் பணம் யாருடையது. கதையின் திருப்பங்களைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

எழுதிப் பார்க்கும்போது சில விஷயங்கள் தாமாகத் தெரியவரும். சமையலறை என்பது சதி பேசவும் கண்ணீர் விடவும் உள்ள இடமாக இருக்குமே தவிர, அங்கே ஒரு குழம்பு முழுதாகக் கொதித்து இறங்காது. கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் தொட்டியில் கிடக்காது. கதாநாயகி வேலைக்குப் போகிறவளாக இருந்தால், அலுவலகம் பெரும்பாலும் வீட்டிலிருந்து போன் வரும் இடமாக மட்டுமே இருக்கும். நாயகியைக் காவல் அதிகாரியாகவோ சொந்தத் தொழில் நடத்துபவளாகவோ காட்டும் கதைகளும் உண்டு. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் அவள் பதவி உயர்வு பெற்ற நாளில் அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டைச் செய்தது யார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பெண், தனக்கென்று வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண், தனிக்குடித்தனம் கேட்கும் பெண் ஆகியோருக்கு எந்தப் பின்னணி இசை ஒலிக்கிறது என்பதைக் கேட்டாலே, அந்தத் தொடர் யார் பக்கம் நிற்கிறது என்பது புரிந்துவிடும்.

அடுத்து, இடையில் வரும் விளம்பரங்கள். சலவைத் தூளும் பாத்திரம் துலக்கும் சோப்பும் பல்லாண்டுகளாகப் பெண்ணை நோக்கியே பேசிவந்தன. 2015-இல் ஏரியல் சலவைத் தூள், துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டுந்தானா என்று கேட்டு ஒரு விளம்பரத் தொடரைத் தொடங்கியது. 2022-இல் ஆண்களுக்கென்று சொல்லிக் கறுப்புப் புட்டியில் வந்த விம் திரவத்தின் விளம்பரம், வேடிக்கைக்காகச் செய்தது என்று நிறுவனமே விளக்கிய பிறகும் விவாதத்தைக் கிளப்பியது. இத்தகைய விளம்பரத்தை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு: பாத்திரம் துலக்கும் ஆணின் இடத்தில் ஒரு பெண்ணை வைத்து, அதே காட்சியில் அதே கைதட்டல் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால், அந்த வேலை இன்னும் அவளுடையதாகவே கருதப்படுகிறது.

ஊடகம் என்றால் தொலைக்காட்சி மட்டும் இல்லை. நம் ஊரில் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் ப்ளெக்ஸும் ஊடகந்தான். மணமகளின் பெயருக்குப் பின்னால் பி.இ. என்றும் எம்.எஸ்ஸி. என்றும் படிப்பைப் பெரிய எழுத்தில் போடுகிறோம். கீழே "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று பெயர் போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் மாப்பிள்ளையின் நண்பர்கள். அடுத்த ஆண்டு காதுகுத்து விழாவுக்கு வைக்கும் ப்ளெக்ஸில் அந்தப் படிப்பு எங்கே போயிற்று என்று பாருங்கள். மணமகள் தேவை விளம்பரத்தையும் இதே கண்ணோடு படிக்கலாம். "குடும்பப் பாங்கான, வேலைக்குச் செல்லும் மணமகள்" என்ற ஒரே வரியில் இரண்டு முழுநேர வேலைகள் கேட்கப்படுகின்றன. அப்படிப்பட்ட வரியை எழுதுபவர்களிடமும், அதற்குப் பதில் எழுதுபவர்களிடமும் நிச்சயத்துக்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. மாற்றல் வந்தால் யார் இடம் பெயர்வது? இரவுப் பணி இருந்தால் காலைச் சமையல் யாருடையது? பெண் தன் சம்பளத்திலிருந்து பிறந்த வீட்டுக்கு அனுப்பும் தொகை தொடருமா? "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்ற பதிலைப் பதிலாக ஏற்க வேண்டாம்.

செய்திகளிலும் இந்தச் சாய்வு உண்டு. மதுரைக்கு அருகிலுள்ள புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை, களஞ்சியம் என்னும் பெண்கள் சேமிப்புக் குழுக்களை வளர்த்தவர். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரைப் பற்றி நம்மில் பலருக்கு நினைவிருப்பது, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு ஸ்த்ரீ சக்தி விருது வழங்கும்போது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் மட்டுமே. கந்துவட்டிக்குப் பதிலாகப் பெண்கள் தமக்குள் சேர்த்து, தமக்குள் கடன் கொடுத்துக்கொண்ட அந்த நீண்ட வேலையைப் படம் எடுப்பது கடினம். சித்திரைத் திருவிழாவிலும் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், அதற்கும் அடுத்தே திருக்கல்யாணம். முடிசூடிப் போருக்குச் சென்ற பின்னரே மணம் என்ற அந்த வரிசையை, கல்யாணக் காட்சியை மட்டும் நேரலையில் பார்ப்பவர் எளிதில் மறந்துவிடுவார்.

பிறகு ஒரு வாரம் உங்கள் வீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டாருக்காகக் கூலியின்றிச் செய்யும் வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பெண்கள் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இது நாடு முழுவதற்குமான கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, அவரவர் செய்த வேலையை அவரவரே, அரைமணி நேர அளவில் எழுதுங்கள். ஒருவர் மற்றவருக்காக எழுதக்கூடாது. வண்டியைச் சர்வீசுக்கு விடுவது, மின்கட்டணம் கட்டுவது, ரேஷன் வரிசையில் நிற்பது ஆகியவையும் இடம்பெற வேண்டும். ஆண்கள் செய்பவை எழுதப்படாமல் போனால் கணக்கின் மீது நம்பிக்கை வராது. கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குத் தனிப் பத்தி போடுங்கள். நாளைய இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று நினைத்துப் பார்ப்பது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, மாமனாரின் மாத்திரை தீரும் தேதியை அறிந்திருப்பது எல்லாம் அந்தப் பத்தியில் வரும். நம் பக்கத்தில் இவற்றுள் மிகப் பெரியது, உறவினர் விசேஷங்களுக்கு மொய்யும் சீரும் செய்யும் செய்முறை. நம் வீட்டு விசேஷத்துக்கு யார் என்ன செய்தார்கள், நாம் திரும்ப என்ன செய்ய வேண்டும், எந்த வீட்டை விட்டுவிட்டால் மனத்தாங்கல் வரும் என்பதையெல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே நினைவில் சுமக்கிறார். மொய் நோட்டிலோ கணவரின் பெயர்தான் ஏறுகிறது.

வீட்டிலிருந்தபடி பூக்கட்டுவது, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது, பக்கத்து வீட்டாருக்கு ரவிக்கை தைப்பது போன்றவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், வருமானம் தரும் வேலை என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள்.

வாரம் முடிந்ததும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வேலைகளை முழுப் பொறுப்புகளாகப் பிரியுங்கள். இரவுச் சாப்பாடு ஒருவருடையது என்றால், என்ன செய்வது என்று முடிவெடுப்பது, காய் வாங்குவது, சமைப்பது, அடுப்படியைத் துடைப்பது வரை அனைத்தும் அவருடையது. "சொன்னால் செய்கிறேன்" என்பது பொறுப்பை ஏற்பது ஆகாது. சொல்லும் வேலை மற்றவரிடமே தங்கிவிடுகிறது. அதேபோல, பொறுப்பை ஒப்படைத்தவர் பின்னாலேயே நின்று திருத்தவும் கூடாது. தோசை சற்று தடிமனாக வந்தாலும் அன்று அதுதான் தோசை. ஒரு மாதம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு உறுதியானதா என்பது சொந்தக்காரர்கள் வந்து தங்கும் நாளில் தெரிந்துவிடும்: தனியே இருக்கும்போது பாத்திரம் துலக்கும் கணவர், பெரியப்பா வந்ததும் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், நடந்ததெல்லாம் ஒத்திகை மட்டுமே.

பணமும் காகிதமும்

சீரியலிலும் சினிமாவிலும் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. கணவரின் தொழில் நொடிக்கிறது, மனைவி ஒன்றும் பேசாமல் வளையலைக் கழற்றித் தருகிறாள், வயலின் ஒலிக்கிறது. அந்த நகைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொடுத்ததாக எந்தக் கதையிலும் காண்பது அரிது. ஆனால் சட்டம் இதைத் தெளிவாகவே பார்க்கிறது. திருமணத்தின்போதும் அதன் முன்னும் பின்னும் பெண்ணுக்கென்று தரப்பட்ட நகையும் பணமும் அவளுடைய சொத்து. நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் மீண்டும் சொன்னது. ஆகவே நகைகளின் எடை, வாங்கிய ரசீது, புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடகு வைத்தால் எதற்காக, எப்போது மீட்பது என்பதைத் தேதியுடன் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்புள்ள வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். மொய்க்கே நோட்டுப் போடும் ஊரில் நகைக்குப் போடுவதில் கூச்சம் தேவையில்லை.

திருமணப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம். கடவுச்சீட்டு முதல் வாரிசுரிமை வரை பின்னால் பல இடங்களில் அந்தச் சான்றிதழ் கேட்கப்படும்.

வீடு வாங்கினால் பத்திரத்தில் இருவர் பெயரும் இருப்பது நல்லது. கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பராமரித்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. வேலைக்குப் போகாத மனைவியின் உழைப்பையும் பங்களிப்பாக எண்ணிய முக்கியமான தீர்ப்பு அது. ஆயினும் அது ஒரு வழக்கின் தீர்ப்பு. சட்டமன்றம் இயற்றிய சட்டம் இல்லை என்பதால், வழக்கில் போய் நிரூபிப்பதைவிட முதலிலேயே பெயர் சேர்ப்பது எளிது. பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகையும் உண்டு.

வங்கியைப் பொறுத்தவரை, ஆளுக்கொரு தனிக் கணக்கும் வீட்டுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கும் போதும். கூட்டுக் கணக்கில் போடும் தொகை சமமாக இருக்க வேண்டியதில்லை. வருமானத்துக்கு ஏற்ற விகிதமே நியாயம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாய் உங்கள் வீட்டுக்கு வந்தால், அதைச் சிலிண்டருக்கென்று தானாக ஒதுக்கிவிடாதீர்கள். அதைப் பெறுபவரே அதன் செலவைத் தீர்மானிக்கட்டும்.

மாமியாரை எதிரணியில் நிறுத்தாதீர்கள்

மருமகளும் மாமியாரும் மோதினால்தான் சீரியலுக்குக் கதை. உங்கள் வீட்டுக்கு அது தேவையில்லை. ஒரு வாரக் கணக்கில் மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அந்தத் தாளில் மிக நீளமான பட்டியல் அவருடையதாகவே இருக்கும். இரவு சீரியல் ஓடும்போது அது தவறு, இது தவறு என்று வாதாடாமல், "அத்தை, இந்த வீட்டில் யார் பாத்திரம் கழுவுவார்களாம்?" என்று கேட்டுப் பாருங்கள். வேலைப் பிரிவினையைப் பற்றித் தன் தாயிடம் பேச வேண்டியவர் மகன். அந்தப் பேச்சை மனைவியிடம் தள்ளிவிட்டால், அவர் சீரியலில் எந்தப் பாத்திரமாகக் காட்டப்படுவாரோ அந்தப் பாத்திரமாகவே வீட்டிலும் பார்க்கப்படுவார்.

ஒன்றை மட்டும் இந்தப் பட்டியலுக்குள் கொண்டுவர முடியாது. அடி, மிரட்டல், வரதட்சணைக் கேள்வி, சம்பளத்தைப் பறித்துக்கொள்வது ஆகியவை இருக்கும் வீட்டில் நோட்டும் பிரிவினையும் பயன்படா. அறைந்த கணவரை அடுத்த வாரமே மனைவி மன்னிப்பதாகக் கதை போகலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமோ பாதுகாப்பு ஆணையும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்க வழி தருகிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒரு காட்சி எல்லை மீறினால்

முணுமுணுப்பதைவிட எழுதுவது பயன் தரும். கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பார்வையாளர் முதலில் அலைவரிசைக்கே புகார் அனுப்ப வேண்டும். அவர்கள் 15 நாட்களுக்குள் அதைத் தீர்த்து பதில் சொல்ல வேண்டும். பதிலில் நிறைவு இல்லையென்றால், ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்கு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். விளம்பரமாக இருந்தால், பாலினம் பற்றிய தீங்கான சித்திரிப்புகளுக்கு 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட இந்திய விளம்பரத் தர மன்றத்துக்கு அனுப்பலாம். தொடரின் பெயர், அலைவரிசை, தேதி, நேரம், காட்சியில் நடந்தது, அதில் எது ஏன் தவறு என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். "பெண்களை இழிவுபடுத்துகிறது" என்ற பொது வரியைவிட, "மனைவியை அறைந்தது சரியே என்று மாமனார் சொல்ல, அதை யாரும் மறுக்கவில்லை" என்ற வரிக்கு எடை அதிகம். அனுப்பியதன் நகலையும் கிடைத்த ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டுக்கு அவை தேவைப்படும்.