மெக்சிகோ மூலிகைக் களிம்பு: வீட்டில் செய்யும்போது நடக்கும் தவறுகள்

மெக்சிகோ நகரத்தின் சொனோரா சந்தையில் 'ஆர்னிகா' என்று கேட்டால் காய்ந்த மஞ்சள் பூவைக் கட்டிக் கொடுப்பார்கள். ஐரோப்பிய ஆர்னிகா வேறு. இது ஹெட்டரோதேக்கா இனுலாய்டெஸ் என்ற செடி. முதல் தவறு இந்தப் பெயர்க் குழப்பம்தான். பொட்டலத்தில் தாவரவியல் பெயர் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். அங்கே இதைக் கன்றிப்போன இடத்திலும் வீக்கத்திலும் தடவுகிறார்கள். தோல் கிழிந்த இடத்தில் தடவ வேண்டாம்.

களிம்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். பூ நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்: காம்பை வளைத்தால் 'டக்'கென்று ஒடியணும், இதழை விரலில் தேய்த்தால் பொடியணும். பச்சைப் பூவை எண்ணெயில் போட்டால் அதன் நீர் அடியில் தங்கிவிடும். சில நாளில் அடியில் கலங்கலாக ஒரு படலம் தெரியும், மூடியைத் திறந்தால் புளித்த வாடை வரும். அதை வடிகட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

100 மில்லி அவகாடோ எண்ணெய்க்கு 10 கிராம் காய்ந்த பூ போதும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து 2 மணி நேரம் மெல்லிய சூடு காட்டுங்கள். வெளிநீர் கொதிக்கக் கூடாது. பூ கருகி மணம் மாறினால் சூடு அதிகம் என்று அர்த்தம். கிண்ணத்தைத் தட்டால் மூடாதீர்கள். ஆவி படிந்து எண்ணெய்க்குள்ளேயே சொட்டும். மெல்லிய துணி போட்டால் போதும். வடிகட்டிய எண்ணெயில் 15 முதல் 20 கிராம் தேன்மெழுகை உருக்குங்கள். வட மெக்சிகோப் பாலைவனத்துக் காண்டெலியா மெழுகு என்றால் அதில் பாதி போதும், அது ரொம்பக் கெட்டி. குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் பதம் தெரிந்துவிடும்.

கற்றாழையில் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். மடலை வெட்டியதும் 15 நிமிடம் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிடுங்கள். அரிப்பு வருவது பெரும்பாலும் அந்தப் பாலால்தான்.

எலுமிச்சையை முகத்தில் தேய்ப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம். மெக்சிகோவின் 'லிமோன்' நம் எலுமிச்சையேதான். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால், அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் தோலைப் பொசுக்கிவிடும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொப்புளம் எழும். அது ஆறிய பிறகும் பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். ரூடா என்கிற அருவதாவும் இப்படித்தான். கை கழுவாமல் வெளியே போகாதீர்கள்.

தெப்பெஸ்கோவித்தே தொட்டாற்சிணுங்கிக்கு உறவான மரம். தெற்கு மெக்சிகோவில் இதன் பட்டையை வறுத்துப் பொடித்துத் தீக்காயத்துக்கு இடுவார்கள். துவர்ப்புச் சத்து மிகுந்த பட்டை. ஆனால் சந்தைப் பொடி கிருமி நீக்கியதல்ல. திறந்த புண்ணில் தூவினால் மேலே காய்ந்து பொருக்காகும், உள்ளே சீழ் வைக்கும். கொப்புளம் வந்த தீக்காயத்துக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பார்த்தீனியம் பட்டால் அரிக்கும் என்பவர்களுக்கு ஆர்னிகாவும் ஆகாமல் போகலாம். இரண்டும் ஒரே சூரியகாந்திக் குடும்பம். முழங்கை மடிப்பில் ஒரு காசளவு இடத்தில் தினம் இருமுறை, 7 நாள் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டும் என்பதால் ஒரு நாள் சோதனை பத்தாது.