பிடித்த போகிமானை வைத்தே போட்டி டீம் கட்டுவது எப்படி

போகிமான் வீடியோ கேமின் ரேங்க் போட்டிக்குள் காலடி வைத்தவுடன் எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, "பிடித்த போகிமானை பாக்ஸில் போட்டுட்டு, எல்லோரும் வைத்திருப்பதை எடு" என்பதுதான். அதில் பாதி சரி. ஆறு பேர் டீமில் மீதி ஐந்து பேரை அப்படித்தான் எடுக்க வேண்டும். ஆனால் உங்களுக்குப் பிடித்த அந்த ஒன்றை விட வேண்டியதில்லை, அதற்கு ஒரு உண்மையான வேலை இருந்தால். அந்த வேலை என்ன என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது, டீம் கட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதற்கு எப்போதும் பச்சிரிசு என்ற மின்சார அணிலைத்தான் உதாரணம் காட்டுவார்கள், ஆனால் அது ஏன் ஜெயித்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. 2014 உலகச் சாம்பியன்ஷிப்பில் தென் கொரியாவின் பார்க் சே-ஜுன் பச்சிரிசுவை டீமில் வைத்துக்கொண்டு பட்டம் வென்றார். அதன் எல்லா ஸ்டாட்டையும் (உயிர், அட்டாக், வேகம் போன்ற அடிப்படை எண்கள்) கூட்டினால் 405தான் வரும், அதே டீமில் இருந்த கார்சாம்புக்கு 600. அவர் அந்த அணிலைப் பலசாலியாக்க முயற்சியே செய்யவில்லை. ஃபாலோ மீ என்ற மூவைப் போட்டால் எதிரியின் ஒற்றை இலக்குத் தாக்குதல்கள் பச்சிரிசு பக்கம் திரும்பும். வோல்ட் அப்சார்ப் என்ற எபிலிட்டி (பிறவித் திறன்) இருப்பதால் மின்சார அடி பட்டால் காயத்துக்குப் பதில் உடம்பு தேறும். பக்கத்தில் நின்ற கியாரடோஸ் பயப்படுவதே மின்சாரத்துக்குத்தான். அந்த வருடம் எங்கும் பறந்துகொண்டிருந்த டாலன்ஃப்ளேமின் பறக்கும் வகை அடியும் மின்சார வகை மேல் பாதியாகத்தான் விழும். சூப்பர் ஃபாங் எதிரியிடம் மிச்சமிருக்கும் உயிரில் பாதியை எடுக்கும், அதற்கு அட்டாக் ஸ்டாட்டே தேவையில்லை. நஸல் பட்டால் பக்கவாதம் நிச்சயம். அதாவது அட்டாக் 45 என்ற பலவீனத்தைத் தொடவே தொடாத நாலு வேலைகள்.

ஆகவே முதல் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "இதை எப்படிப் பலமாக்குவது" என்பதை விடுங்கள். "இது களத்தில் நின்றால் பக்கத்தில் இருப்பவனால் என்ன செய்ய முடியும், எதிரியால் என்ன செய்ய முடியாது" என்று கேளுங்கள்.

நான் ஒரு உதாரணத்தை முழுதாக நடத்திக் காட்டுகிறேன். எனக்கு மட்ஸ்டேல் என்றால் உயிர். 920 கிலோ எடையுள்ள மண் குதிரை, 2016இல் சன், மூன் விளையாட்டுகளில் வந்தது. அதன் நடையிலேயே அவசரமில்லாத ஒரு கனம் இருக்கும். இங்கே பேசுவது ஸ்கார்லெட், வயலெட்டின் டபுள்ஸ் போட்டி, அதாவது இரண்டு பேருக்கு எதிராக இரண்டு பேர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பது: ஆறு பேரைக் கொண்டுபோய் நாலு பேரை இறக்குவது, எல்லோரும் லெவல் 50, ஒரே ஐட்டத்தை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. எந்தப் போகிமான்களுக்கு அனுமதி என்பது சீசனுக்கு சீசன் மாறும், அதனால் உங்கள் ஆள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்டாட்டைப் படிப்போம். உயிர் 100, அட்டாக் 125, டிஃபென்ஸ் 100, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 85, ஸ்பீடு 35. நன்றாக அடிக்கும், நன்றாகத் தாங்கும், நகரவே நகராது. ஸ்பீடு 35ஐப் பார்த்ததும் டெயில்விண்ட் (நம் அணியின் வேகத்தை இரட்டிக்கும் மூவ்) போட்டு வேகப்படுத்தலாமே என்று தோன்றும், கணக்குப் போட்டால் அந்த ஆசை போய்விடும். பயிற்சிப் புள்ளி எதுவும் போடாவிட்டால் லெவல் 50இல் அதன் வேகம் 55, இரட்டித்தாலும் 110. அடிக்கடி எதிரில் வரும் ஃப்ளட்டர் மேன் என்ற போகிமானுக்கு முழு வேகத்தில் 205. அதனால் வழி ஒன்றுதான்: ட்ரிக் ரூம். இந்த மூவைப் போட்டால் சில டர்னுக்கு மெதுவாக இருப்பவர் முதலில் அடிப்பார். பிரேவ் நேச்சரும் (அட்டாக்கைக் கூட்டி வேகத்தைக் குறைக்கும் குணம்) ஸ்பீடு ஐவி (பிறவியிலேயே வரும் 0 முதல் 31 வரையான எண்) பூஜ்யமும் இருந்தால் மட்ஸ்டேலின் வேகம் 36க்கு இறங்கும். மின்ட் என்ற ஐட்டம் கொடுத்து நேச்சரின் விளைவை மாற்றலாம், ஆனால் ஐவியைக் குறைக்க ஐட்டம் கிடையாது. ஐவி 31ஆகவே இருந்தால் பிரேவ் மின்ட் கொடுத்தாலும் 49இல் நின்றுவிடும். குறைந்த ஐவி உள்ளதாகப் பிடித்தோ முட்டையில் எடுத்தோதான் ஆக வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் செய்யுங்கள், ஏன் என்று அடுத்து வருகிறது.

இப்போது கசப்பான கேள்வி. ட்ரிக் ரூமில் நிலவகை அடி அடிக்க ஒரு மெதுவான ஆள் வேண்டுமென்றால் ஏன் உர்சலூனாவை எடுக்கக் கூடாது? அதன் அட்டாக் 140, உயிர் 130. இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாவிட்டால் உங்கள் ஆள் அலங்காரத்துக்குத்தான் நிற்கிறது என்று அர்த்தம். மட்ஸ்டேலுக்குப் பதில் இருக்கிறது. உர்சலூனாவை எவ்வளவு குறைத்தாலும் வேகம் 49தான், ட்ரிக் ரூமில் இரண்டும் எதிரெதிரே நின்றால் 36 உள்ள மட்ஸ்டேல் முதலில் அடிக்கும். உர்சலூனா பாதி நார்மல் வகை, சண்டை வகை அடி அதற்கு இரட்டிப்பாக விழும், மட்ஸ்டேலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மூன்றாவது காரணம்தான் பெரியது: எபிலிட்டி.

மட்ஸ்டேலை எடுக்கும் எல்லோரும் ஸ்டாமினாவைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு அடி விழும்போதும் டிஃபென்ஸ் ஒரு படி ஏறும், பார்க்கவே அழகு. ஆனால் மட்ஸ்டேலை வீழ்த்துவது நீர், புல், பனி, அதில் பாதிக்கு மேல் ஸ்பெஷல் அடியாக வரும், அதை ஸ்பெஷல் டிஃபென்ஸ்தான் தாங்கும், டிஃபென்ஸ் எவ்வளவு ஏறினாலும் பயனில்லை. நேரடி அடியாக வரும் உர்ஷிஃபுவின் நீர் வகை மூவான சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் மூன்று முறையும் கட்டாயம் கிரிட்டிகல், கிரிட்டிகல் அடி ஏறிய டிஃபென்ஸைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் நான் மறைந்திருக்கும் எபிலிட்டியான இன்னர் ஃபோகஸைத்தான் சொல்வேன், அதைப் பெற எபிலிட்டி பேட்ச் என்ற ஐட்டம் ஒன்று செலவாகும். இது நம் அட்டாக்கைக் குறைக்கும் இன்டிமிடேட் எபிலிட்டியைத் தடுக்கும், ஒரு டர்ன் அசையவிடாமல் செய்யும் ஃபேக் அவுட் பட்டாலும் தடுமாறாமல் திருப்பி அடிக்கும். எதிரணியில் இந்த இரண்டையும் வைத்திருக்கும் இன்சினரோர் வராத ஆட்டம் கிடைப்பதே அபூர்வம் என்னும்போது இதன் மதிப்பு புரியும்.

எண்ணில் காட்டுகிறேன். அட்டாக்கில் முழுசாக 252 பயிற்சிப் புள்ளி போட்ட பிரேவ் மட்ஸ்டேலின் அட்டாக் 194. அது ஹை ஹார்ஸ்பவர் என்ற நிலவகை மூவால் அடித்தால், உயிரிலும் டிஃபென்ஸிலும் எதுவும் போடாத ஃப்ளட்டர் மேனுக்கு 139 முதல் 165 வரை அடி விழும், அதன் உயிரே 130தான். ஒரே அடி, முடிந்தது. அதே மட்ஸ்டேல் ஒரு இன்டிமிடேட் வாங்கியிருந்தால் அட்டாக் 129க்கு விழும், அடி 93 முதல் 109 வரைதான், ஃப்ளட்டர் மேன் தப்பித்துவிடும். ஒரு எபிலிட்டியைத் தேர்ந்தெடுப்பதில் ஆட்டமே மாறுகிறது. இந்த மாதிரிக் கணக்கை மனதில் போடத் தேவையில்லை, இணையத்தில் போட்டி ஆடிப் பழகும் ஷோடவுன் தளத்தின் டேமேஜ் கால்குலேட்டரில் இரண்டு பெயரைத் தட்டினால் வந்துவிடும். உங்கள் பிடித்த ஆளை வைத்து, நீங்கள் அடிக்கடி சந்திக்கும் பத்து எதிரிகளுக்கு இதைப் போட்டுப் பாருங்கள், "நல்லா அடிக்கும்" என்ற பொத்தாம்பொதுவான நம்பிக்கை போய் எதை அடிக்கும், எதை அடிக்காது என்ற தெளிவு வரும்.

ஐட்டத்தையும் அதே கணக்கே சொல்லும். உயிரில் 252 போட்டால் 207. மிச்சம் நாலு புள்ளியை ஸ்பெஷல் டிஃபென்ஸில் போட்டால் அது 106. ஸ்பெஷல் அட்டாக்கில் முழுப்புள்ளி போட்ட டிமிட் நேச்சர் ஃப்ளட்டர் மேன், ஐட்டம் உதவியில்லாமல் மூன்பிளாஸ்ட் அடித்தால் 94 முதல் 112 வரை போகும், இரண்டாவது அடியில் விழுந்துவிட ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. அசால்ட் வெஸ்ட் (ஸ்பெஷல் டிஃபென்ஸை ஒன்றரை மடங்காக்கும் ஐட்டம்) போட்டால் அதே அடி 64 முதல் 76 வரைதான், இரண்டு அடியை நிச்சயம் தாங்கும். விலை என்னவென்றால் ஒரு டர்ன் அடி விழாமல் காக்கும் ப்ரொடெக்ட் போட முடியாது, நாலு மூவும் தாக்குதலாகவே இருக்க வேண்டும். ட்ரிக் ரூமில் ஒவ்வொரு டர்னும் அடித்தே ஆக வேண்டிய ஆளுக்கு இது பெரிய இழப்பில்லை. ஹை ஹார்ஸ்பவர், பாறை வகை அடிக்கு ராக் ஸ்லைடு, அப்புறம் ஹெவி ஸ்லாம். இந்தக் கடைசியது அடிப்பவரின் எடையைப் பொறுத்தது, எதிரி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இல்லாவிட்டால் முழு 120 பவர். 920 கிலோவுக்கு ஐந்தில் ஒன்று 184 கிலோ, களத்தில் வருபவர்களில் பெரும்பாலோர் அதற்குள்தான். நாலாவது இடம் சண்டை வகையான பாடி பிரஸ், போரிகான்2 மாதிரி நார்மல் வகைச் சுவர்களுக்காக. எர்த்குவேக் வேண்டாம், அது பக்கத்தில் நிற்கும் நம் ஆளையும் அடிக்கும்.

இனி மற்ற ஐந்து பேர். இங்கே பாசம் காட்டாதீர்கள். ஒரு டீமில் ஒரு செல்லப்பிள்ளைக்குத்தான் இடம், இரண்டு பிடித்த ஆட்களை வைத்தால் இரண்டையும் காப்பாற்ற ஆளில்லாமல் போகும்.

ட்ரிக் ரூம் போட ஃபாரிஜிராஃப். அதன் ஆர்மர் டெயில் எபிலிட்டி இருக்கும்வரை எதிரியின் முன்னுரிமைத் தாக்குதல் (வேகம் பார்க்காமல் முந்தி விழுவது) நம் இருவர் மேலும் விழாது, ஃபேக் அவுட்டால் ட்ரிக் ரூமை நிறுத்த முடியாது, ப்ராங்க்ஸ்டர் எபிலிட்டியால் முந்தி வரும் டான்ட்டும் (தாக்குதல் அல்லாத மூவைத் தடுப்பது) பலிக்காது. சாதாரண வேகத்தில் வரும் டான்ட் மட்டும் பலிக்கும், அதற்காக மென்டல் ஹெர்ப் ஐட்டத்தைக் கொடுங்கள். மட்ஸ்டேலின் மூன்று எதிரிகளை எடுத்துக்கொண்டால், நீரைப் பாதியாகவும் புல்லைக் கால்வாசியாகவும் அமூங்கஸ் வாங்கிக்கொள்ளும், ரேஜ் பவுடரால் அந்த அடிகளைத் தன் பக்கம் இழுக்கும், ஆனால் புல் வகை எதிரிகளும் சேஃப்டி காகிள்ஸ் ஐட்டம் வைத்திருப்பவர்களும் அந்தப் பொடிக்கு மசிய மாட்டார்கள். பனியை இன்சினரோர் பார்த்துக்கொள்ளும், அதன் இன்டிமிடேட் மட்ஸ்டேலுக்கு இன்னொரு கவசம். பறப்பவர்களை நிலவகை அடி தொடவே தொடாது, அதற்கு மின்சாரத்தோடு அயர்ன் ஹேண்ட்ஸ். அதன் அடிப்படை வேகமும் 50தான், ட்ரிக் ரூமிலும் பொருந்தும். ஆறாவதாக ஃப்ளட்டர் மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மெதுவான ஆட்களைப் பார்த்தால் எதிரிக்கு உங்கள் திட்டம் தேர்வுத் திரையிலேயே தெரிந்துவிடும், ஒரு வேகமான ஆள் இருந்தால் இன்று ட்ரிக் ரூம் வருமா வராதா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

டெராவில், அதாவது ஆட்டத்தில் ஒருமுறை ஒரு ஆளின் வகையை மாற்றுவதில், எனக்கு உறுதியான கருத்து உண்டு: புல். ஸ்டீல் எடுத்தால் ஹெவி ஸ்லாம் பலமாகும், பனியும் புல்லும் பாதியாகும், கவர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் நீர் அடி பாதியாகாது. புல்லாக மாறினால் நீரும் புல்லும் பாதியாகும், அதோடு எதிரி அமூங்கஸின் தூங்க வைக்கும் ஸ்போரும் ரேஜ் பவுடரும் வேலை செய்யாது. ட்ரிக் ரூம் டீமுக்குத் தூக்கம்தான் எமன். நிலவகை அடியின் கூடுதல் பலம் டெராவுக்குப் பின்னும் அப்படியே இருக்கும், ஆனால் மின்சாரம் படாத தன்மை போய்விடும், பனி முன்போலவே வலிக்கும், நெருப்பும் வலிக்க ஆரம்பிக்கும். எதிரில் இன்சினரோர் நின்றால் மட்டும், மாறும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

ஆடும்போது டர்னை எண்ணுங்கள். ட்ரிக் ரூம் 5 டர்ன் என்றாலும் போட்ட டர்ன் அதிலேயே கழிந்துவிடும், கையில் இருப்பது 4. நல்ல எதிரி அதில் ஒன்றிரண்டை ப்ரொடெக்ட் போட்டே கரைத்துவிடுவார். அதனால் மட்ஸ்டேலை முதலிலேயே ஃபாரிஜிராஃபோடு இறக்குவதா, பின்னால் வைத்து யாராவது விழுந்ததும் இலவசமாக உள்ளே கொண்டுவருவதா என்பதை எதிரணியின் ஆறு பேரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ப்ரொடெக்ட் இல்லாத ஆள் என்பதால் நான் பெரும்பாலும் பின்னால்தான் வைப்பேன், ட்ரிக் ரூம் விழுந்த அடுத்த டர்னே உள்ளே வந்துவிட வேண்டும். இரண்டு நீர் வகையும் ஒரு புல்லும் எதிரில் தெரிந்தால் மட்ஸ்டேலை வெளியே உட்கார வைத்துவிட்டு மற்ற நாலு பேரோடு ஆடுங்கள். ஆறில் நாலுதான் இறங்குகிறது என்ற விதியே பிடித்த ஆளை வைத்திருப்பவர்களுக்கு வரம். எல்லா ஆட்டத்திலும் அதை இழுத்துக்கொண்டு போனால் தோல்விப் பட்டியல் நீளும், பழி அதன் மேல் விழும்.

ஷோடவுனில் இருபது ஆட்டமாவது மாற்றாமல் ஆடிவிட்டு அப்புறம் கை வையுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: மட்ஸ்டேல் வந்ததா, எத்தனை அடி அடித்தது, எது வீழ்த்தியது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் கூட்டாளியை, குதிரையை அல்ல. மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஐட்டத்தையும் டெராவையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போகும்.