பில்லோ கம்பைல் ஆகாமல் ‘ஹெடர் கோப்பு இல்லை’ என்று நின்றால்

பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் பிப் மூலம், படங்களைக் கையாளும் லைப்ரரியான பில்லோவை நிறுவப் போனால் சில சமயம் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் ஓடி, கடைசியில் ‘ஜிசிசி கட்டளை தோற்றது, எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1’ என்று நிற்கும் (ஜிசிசி என்பது சி மொழி நிரலைக் கம்பைல் செய்யும் கருவி). பலரும் அந்தக் கடைசி வரியைத்தான் காப்பி செய்து தேடுவார்கள். ஆனால் அதில் உருப்படியான தகவல் எதுவும் இல்லை. மேலே ஸ்க்ரோல் செய்து, ‘ஃபேட்டல் எரர்’ அல்லது ‘ஹெடர்ஸ்’ என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நான் எடுத்துக்கொள்ளும் சூழல்: உபுண்டு 22.04, அதோடு வரும் பைத்தான் 3.10, பில்லோ 8.2.0-ஐத்தான் போட வேண்டும் என்று அடம்பிடிக்கும் பழைய புராஜெக்ட் ஒன்று. டெபியன், மிண்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: கம்பைல் செய்யத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. பில்லோவைக் கட்டி முடித்த ‘வீல்’ கோப்பாகவே தருகிறார்கள். உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் வீல் கிடைக்காதபோதுதான் பிப் மூல நிரலை இறக்கிக் கம்பைல் செய்யப் பார்க்கும். பில்லோ 8.2.0 வெளியானது 2021 ஏப்ரலில், பைத்தான் 3.10 வந்தது அதே ஆண்டு அக்டோபரில். அப்புறம் 3.10-க்கான வீல் அதில் எப்படி இருக்கும்?

பிப் பழையதாக இருந்தாலும் இதே கதைதான். 20.3-க்கு முந்தைய பிப்புக்குப் புதுவகை வீல்களின் பெயரே புரியாது. அதனால் முதலில் இது:

பிப் இன்ஸ்டால் --அப்கிரேட் பிப்

அப்புறம், புராஜெக்ட் இடம் கொடுத்தால் பில்லோவின் பதிப்பையும் உயர்த்திப் பாருங்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், வேலையைப் பாருங்கள்.

படி 2: எது இல்லை என்று கேட்கிறது?

ஒன்றும் நிறுவாத கணினியில் பிழைகள் ஒரே நேரத்தில் வராது, வரிசையாக வரும். முதலில் இசட்லிப் (தரவைச் சுருக்கும் லைப்ரரி) இல்லை என்று நிற்கும். அதைப் போட்டால் ஜேபெக் இல்லை என்னும். அதையும் தாண்டினால் ஜிசிசி வேலையைத் தொடங்கி, ‘பைத்தான்.எச்: அப்படியொரு கோப்பு இல்லை’ என்று விழும். பிழைச் செய்தி மாறிக்கொண்டே போனால் பயப்பட வேண்டாம், முன்னேறுகிறீர்கள் என்று அர்த்தம்.

‘என் கணினியில் ஜேபெக் படங்கள் நன்றாகத் திறக்கின்றனவே, லிப்ஜேபெக் இல்லை என்று ஏன் சொல்கிறது?’ என்று தோன்றலாம். படம் பார்க்கும் மென்பொருளுக்கு, கட்டி முடித்த லைப்ரரி மட்டும் போதும். கம்பைல் செய்யும்போது அந்த லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் இருக்கின்றன என்று சொல்லும் ‘.எச்’ கோப்புகளும் தேவை. டெபியன் குடும்பத்தில் அவற்றைத் தனியே பிரித்து, பெயரின் முடிவில் ‘டெவ்’ என்று சேர்த்துத் தருகிறார்கள். ஃபெடோராவில் அது ‘டெவல்’. பிப்பால் இவற்றைக் கொண்டுவர முடியாது. சிஸ்டத்தின் பேக்கேஜ் மேனேஜர்தான் (உபுண்டுவில் ஆப்ட்) தர வேண்டும்.

படி 3: நிறுவுங்கள்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் பைத்தான்3-டெவ் லிப்ஜேபெக்-டெவ் இசட்லிப்1ஜி-டெவ்

இசட்லிப்புக்குப் பின்னால் வருவது எண் ஒன்று, அடுத்தது ‘ஜி’. அந்த ஒன்றை ‘எல்’ என்று அடித்துவிட்டு, பேக்கேஜ் கிடைக்கவில்லை என்று முழிப்பவர்கள் உண்டு.

இருபது பேக்கேஜ்களை ஒரே வரியில் அடுக்கித் தரும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். அவற்றை அப்படியே ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. பாதிப் பெயர்கள் பழைய பதிப்புக்கானவையாக இருக்கும், ஒன்று கிடைக்காவிட்டாலும் ஆப்ட் மொத்தத்தையும் நிறுத்திவிடும். அதைவிட ஆப்ட்-ஃபைல் என்ற சிறு கருவியைக் கற்றுக்கொள்வது நல்லது. அதை நிறுவி, ஒருமுறை ‘அப்டேட்’ கொடுத்துவிட்டு, இப்படிக் கேளுங்கள்:

ஆப்ட்-ஃபைல் சர்ச் ஜேபெக்லிப்.எச்

அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிடும். பில்லோ என்றில்லை, எந்த சி லைப்ரரி மிரட்டினாலும் இது போதும்.

படி 4: பைத்தான்3-டெவ் போட்டும் பைத்தான்.எச் இல்லையா?

என்னை அதிகம் சுற்ற விட்ட இடம் இதுதான். ஆப்ட் ‘ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது’ என்கிறது. பிப் ‘இல்லை’ என்கிறது. இரண்டும் உண்மைதான் சொல்கின்றன.

பைத்தான்3-டெவ் என்பது சிஸ்டத்தின் இயல்பான பைத்தானுக்கு மட்டும் ஹெடர் தரும். 22.04-இல் அது 3.10. நீங்கள் வேறொரு ரெப்பாசிட்டரியிலிருந்து 3.11-ஐ நிறுவி, அதில் விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கியிருந்தால், கம்பைலர் தேடுவது 3.11-இன் ஹெடரை. அதற்கு பைத்தான்3.11-டெவ் என்று பதிப்பு எண்ணோடு கேட்டுத்தான் நிறுவ வேண்டும்.

ஊகிக்கத் தேவையில்லை, பைத்தானிடமே கேட்கலாம். என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்து, பைத்தானைத் திறந்து, சிஸ்கான்ஃபிக் மாட்யூலை இம்போர்ட் செய்து, கெட்_பாத்ஸ் ஃபங்ஷனை அழையுங்கள். வரும் டிக்‌ஷனரியில் ‘இன்க்ளூட்’ என்ற கீயைப் பாருங்கள். அது காட்டும் ஃபோல்டருக்குள் பைத்தான்.எச் இருக்கிறதா என்று எல்எஸ் கொடுத்துப் பார்த்தால் விவகாரம் முடிந்தது. இன்னொன்று, பிப்புக்கு முன்னால் சூடோ போடாதீர்கள். போட்டால் அது என்விரான்மென்ட்டை விட்டுவிட்டு சிஸ்டம் பைத்தானில் போய் நிறுவும். நாம் வெறும் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்றே அடிப்போம். எந்தப் பைத்தான் என்ற குழப்பம் வராது.

படி 5: கம்பைல் ஆனதோடு முடியவில்லை

இசட்லிப், ஜேபெக் இரண்டும் பில்லோ 3.0.0 முதல் கட்டாயம். மற்றவை விருப்பத்துக்குரியவை. ஃபான்ட்டுகளைப் படிக்கும் ஃப்ரீடைப் லைப்ரரியின் ஹெடர் இல்லாவிட்டால் பில்லோ ஒரு வார்த்தை சொல்லாமல் அதை விட்டுவிட்டுக் கம்பைல் ஆகிவிடும். பல நாள் கழித்துப் படத்தின்மேல் எழுத்து எழுதப் போகும்போதுதான் ‘_இமேஜிங்எஃப்டி மாட்யூல் இல்லை’ என்று வெடிக்கும். எது சேர்ந்தது, எது விடுபட்டது என்று கம்பைல் முடிவில் அச்சாகும் பட்டியலையும் பிப் மறைத்துவிடுகிறது. பார்க்க வேண்டுமானால் ‘-வி’ சேர்க்க வேண்டும். நிறுவிய பிறகு பார்க்க இது:

பைத்தான் -எம் பில்

இங்கே ‘பில்’ என்பது பில்லோவுக்கு முன்னோடியான பழைய லைப்ரரியின் மூன்றெழுத்துப் பெயர், பெரிய எழுத்துகளில். ஜேபெக், ஃப்ரீடைப், வெப்பி என ஒவ்வொன்றுக்கும் ‘ஓகே’ இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழில் எழுத்துப் பதிக்கப் போகிறவர்கள், எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்கும் ராக்ம் லைப்ரரியின் வரியைக் கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால் ‘கெ’ என்று கொடுத்தால் கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். ஃபான்ட்டில் கோளாறு என்று நினைத்து ஃபான்ட்டாக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. லிப்ஃப்ரீடைப்6-டெவ், லிப்ஹார்ஃப்பஸ்-டெவ், லிப்ஃப்ரிபிடி-டெவ், லிப்ராக்ம்-டெவ் நான்கையும் நிறுவிவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

மறுபடி கம்பைல் செய்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருமுறை கட்டிய வீலை பிப் தன் கேஷில் வைத்துக்கொள்ளும். நீங்கள் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்ப நிறுவினால், ஃப்ரீடைப் இல்லாத அதே பழைய வீலை எடுத்துத் தரும். அதனால்:

பிப் இன்ஸ்டால் --ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால் --நோ-கேஷ்-டிர் பில்லோ==8.2.0

பின்சேர்க்கை 1: டாக்கரில் பைத்தானின் ‘ஸ்லிம்’ இமேஜ் எடுத்தவர்கள் அதற்குள் பைத்தான்3-டெவ் போட்டுப் பயனில்லை என்கிறார்கள். அந்த இமேஜில் பைத்தான் யூஎஸ்ஆர்-லோக்கலில் இருக்கிறது, அதன் ஹெடர்களும் அங்கேயே இருக்கின்றன. ஆப்ட் கொண்டுவருவது டெபியனின் வேறொரு பைத்தானுக்கானது. அங்கே ஜிசிசியும் ஜேபெக், இசட்லிப் டெவ் பேக்கேஜ்களும் மட்டும் போதும். ஆல்பைன் என்றால் பில்ட்-பேஸ், ஜேபெக்-டெவ், இசட்லிப்-டெவ்.

பின்சேர்க்கை 2: ஃப்ரீடைப் நிறுவியும் ‘ஃப்ரீடைப்/எஃப்டிஎரர்ஸ்.எச் இல்லை’ என்று வந்தால், நீங்கள் நிறுவுவது பெரும்பாலும் பில்லோவே அல்ல, 2009-இல் 1.1.7 பதிப்போடு நின்றுபோன பழைய பில். ஃப்ரீடைப் 2.5.1-இல் ஹெடர்களின் ஃபோல்டர் அமைப்பை மாற்றினார்கள். பழைய நிரலுக்கு அது தெரியாது. சிம்லிங்க் போட்டு ஒப்பேற்றலாம்தான், ஆனால் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயரை அழித்துவிட்டு பில்லோ என்று எழுதுங்கள். இரண்டையும் ஒரே என்விரான்மென்ட்டில் வைக்கக் கூடாது, பழையதை முதலில் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.