தூக்கச் சிகிச்சை ஆய்வுகள்: நடத்துவோரும் வாசிப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூக்கம் வரவில்லை என்று சொல்லி வரும் எல்லோருக்கும் ஒரே நோய் இருப்பதில்லை. ஒருவருக்குப் படுத்து ஒரு மணி நேரமாகியும் கண் செருகாது. இன்னொருவர் அதிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு புரள்வார். மற்றொருவர் எட்டு மணி நேரம் தூங்கியும், இரவெல்லாம் மூச்சு தடைப்பட்டதால் களைத்தே எழுவார். மூவரையும் ஒரே குழுவில் போட்டு மருந்து கொடுத்தால், வரும் சராசரி மூவரில் எவருக்கும் பொருந்தாது.

நாள்பட்ட தூக்கமின்மை என்று ஒருவரைச் சேர்க்க, வாரத்தில் குறைந்தது 3 இரவுகள், 3 மாதங்களுக்குத் தொந்தரவு இருக்க வேண்டும். இதை யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது மற்ற இரண்டு நிபந்தனைகளை: தூங்கப் போதிய நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல் இருக்க வேண்டும், அதனால் பகல் வேலை பாதிக்கப்பட வேண்டும். இரவுப் பணி முடித்து ஐந்து மணி நேரம் மட்டும் படுக்க முடிகிறவருக்குக் குறைவது தூங்கும் வாய்ப்பு. அவரைச் சேர்த்தால் எந்த மருந்தும் தோற்கும். குறட்டை, மூச்சுத்தடை உள்ளவர்களை ஓரிரவுச் சோதனையாவது செய்து பிரித்துவிட வேண்டும். கால் குடைச்சலால் தூங்காதவர்களிடம் உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவுக்குத் தூக்க மாத்திரை பதிலாகாது.

அடுத்த தவறு, சிகிச்சைக்கு முந்தைய நிலையைக் காட்டும் தொடக்க அளவை அவசரமாக எடுப்பது. ஆய்வகத்தில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு படுக்கும் முதல் இரவில் பலருக்கும் தூக்கம் கெடும். அதைத் தொடக்கமாகவும் பழகிப்போன பிந்தைய இரவை முடிவாகவும் வைத்தால், ஒன்றுமே கொடுக்காமல் முன்னேற்றம் தெரியும். முதல் இரவைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். தூக்க நாட்குறிப்பு 2 வாரமாவது வேண்டும். அதை எழுந்தவுடன் அன்றன்றே எழுத வேண்டும். மருத்துவரைப் பார்க்கக் கிளம்பும் முன் ஒரே மூச்சில் நிரப்பிய 14 நாள் குறிப்பு தரவே அல்ல; நேர முத்திரை பதியும் செயலி இந்தச் சிக்கலைத் தீர்க்கும்.

நல்ல தொடக்க அளவு இருந்தாலும், மனிதர்கள் தூக்கம் மிக மோசமாக இருக்கும் நாட்களில்தான் ஆய்வில் சேர முன்வருவார்கள். மோசமான நாட்களுக்குப் பின் ஓரளவு நல்ல நாட்கள் தாமாகவே வரும். மருந்துப்போலி, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை, எடுத்தவர்களும் அதனால் நன்றாகத் தூங்குவார்கள். சோல்பிடெம் போன்ற இசட் வகைத் தூக்க மாத்திரைகள் பற்றி 2012-இல் வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாக்கிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், மருந்துப்போலியோடு ஒப்பிட, தூங்கத் தொடங்கும் நேரம் ஆய்வக அளவீட்டில் சுமார் 22 நிமிடம் குறைந்தது. தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்தும் ஹார்மோனான மெலடோனினுக்கு 2013 தொகுப்பாய்வு காட்டியது சுமார் 7 நிமிடம். வாசகர் தேட வேண்டியது இந்த வித்தியாசத்தை. "மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்" என்று ஒரு குழுவை மட்டும் காட்டும் வரைபடத்தை நம்ப வேண்டாம்.

எதை அளக்கிறோம் என்பதிலும் குழப்பம் அதிகம். மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி, விழித்தபடி அசையாமல் கிடப்பதையும் தூக்கம் என்றே பதியும். தூக்கமின்மை உள்ளவர்கள் அப்படித்தான் கிடப்பார்கள். தூக்கத்தின் தரத்தை மதிப்பிடும் பிட்ஸ்பர்க் வினாத்தாள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது. அதை வாரந்தோறும் கொடுத்தால் பழைய வாரங்களையே திரும்பத் திரும்ப அளக்கிறோம். தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு என்ற வினாத்தாளின் மதிப்பெண் 0 முதல் 28 வரை போகும். 15 முதல் 21 வரை மிதமானது, 22 முதல் கடுமையானது. ஏறக்குறைய 6 புள்ளி குறைந்தால்தான் நோயாளிக்கே மாற்றம் தெரியும். ஆயிரம் பேரைச் சேர்த்தால் 2 புள்ளி வித்தியாசம்கூடப் புள்ளியியலில் தேறிவிடும். வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் முதன்மை அளவு எது என்பதை ஆய்வு தொடங்குமுன் பதிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் வைத்திருங்கள்.

மருந்தில்லாமல் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சோதிப்பவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு. தூக்கமின்மைக்கு இதுவே முதல் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் சொன்னது. அதனாலேயே கவனம் இரட்டிப்பாக வேண்டும். காத்திருப்போர் பட்டியலை ஒப்பீட்டுக் குழுவாக வைத்தால் பலன் ஊதிப் பெருகும், ஏனெனில் தமக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைப் பங்கேற்பாளரிடமிருந்து மறைப்பது இங்கே சாத்தியமில்லை. ஆகவே அளப்பவருக்காவது யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. முதல் அமர்வு முடிந்ததும் பங்கேற்பாளரின் எதிர்பார்ப்பையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பான படுக்கை நேரக் கட்டுப்பாட்டைப் பலர் "சீக்கிரம் எழுந்திருங்கள்" என்ற அறிவுரையாகச் சுருக்கிவிடுகிறார்கள். கணக்கு இதுதான். நாட்குறிப்புப்படி ஒருவர் 510 நிமிடம் படுக்கையில் கிடந்து 340 நிமிடம் தூங்குகிறார் என்றால் தூக்கத் திறன் 67 சதவீதம். அவருக்குப் படுக்கை நேரமாகச் சுமார் 340 நிமிடமே கொடுக்க வேண்டும். யாருக்கும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. எழும் நேரம் தினமும் ஒன்றே. ஒரு வாரத் திறன் 85 சதவீதத்தைத் தாண்டினால் 15 நிமிடம் கூட்ட வேண்டும். முதல் வாரங்களில் தூக்கம் குறைந்து பகல் மயக்கம் கூடும். வண்டி ஓட்டுபவர்களுக்கு இதை எழுத்தில் எச்சரிக்க வேண்டும். இருதுருவ மனநோய், வலிப்பு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைச் செய்யாதீர்கள்.

அதனால்தான் அளக்கும் நாள் முக்கியம். இரண்டாம் வாரத்தில் அளந்தால் மாத்திரை ஜெயிக்கும், ஆறாம் மாதத்தில் அளந்தால் கதை மாறலாம். மாத்திரையை நிறுத்திய பின் தூக்கம் முன்பைவிடக் கெடும் நாட்களும் வரும். நிறுத்தியதோடு ஆய்வை முடித்தால் அது கண்ணில் படவே படாது.

மூச்சுத்தடை ஆய்வுகள் இரண்டு பாடங்களைத் தந்திருக்கின்றன. 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், இதய ரத்தநாள நோய் உள்ள 2,717 பேரிடம் முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கருவியை அணிந்தது இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரமே. கருவி பயனற்றது என்று படிப்பதும் தவறு, நன்றாக அணிந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பயன் உண்டு என்று சொல்வதும் தவறு. ஒழுங்காக அணிபவர் மாத்திரையும் ஒழுங்காகப் போடுவார், உடற்பயிற்சியும் செய்வார்; யார் எந்தக் குழு என்று குலுக்கல் முறையில் பிரித்ததால் கிடைத்த சமநிலை அங்கே உடைந்துபோகிறது. 2015-இன் சர்வ்-எச்எஃப் ஆய்வு இதைவிடக் கடுமையான பாடம். இதயச் செயலிழப்போடு மைய வகை மூச்சுத்தடை (மூச்சு விடச் சொல்லும் மூளையின் கட்டளையே நின்று நின்று வருவது) உள்ளவர்களுக்கு வேறொரு காற்றழுத்தக் கருவி கொடுத்தார்கள். திரையில் மூச்சுத்தடை எண்ணிக்கை அழகாகக் குறைந்தது, இறப்போ கூடியது. அளவுமானியின் எண்ணை மட்டும் இலக்காக வைத்திருந்தால் அந்தக் கருவி வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

மெலடோனினைச் சோதிப்பவர்கள் கடை மாத்திரையின் லேபிளை நம்ப வேண்டாம். 2017-இல் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிள் அளவைவிட 83 சதவீதம் குறைவிலிருந்து 478 சதவீதம் அதிகம் வரை இருந்தது. எட்டுத் தயாரிப்புகளில் செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளும் கலந்திருந்தது. ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துவிட்டுக் கொடுங்கள்.

பக்கவிளைவை நோயாளி தானாகச் சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது. இரவில் விழுந்தாரா, காலையில் வண்டி ஓட்டும்போது தலை கிறுகிறுத்ததா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேளுங்கள். மறுநாள் காலையிலும் ரத்தத்தில் மருந்து தங்குவது தெரிந்த பின், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான சோல்பிடெம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. தூக்கத்திலேயே நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற அரிய ஆபத்துகளுக்கான கட்டமிட்ட எச்சரிக்கை (மருந்துக் குறிப்பேட்டில் அந்த அமைப்பு கட்டம் கட்டிப் போடச் சொல்லும் கடுமையான எச்சரிக்கை) 2019-இல்தான் வந்தது. 300 பேர் கொண்ட ஆய்வில் ஒரு விபத்தும் நடக்கவில்லை என்றால், உண்மையான விகிதம் நூற்றுக்கு ஒன்று வரைகூட இருக்கலாம் என்பதே அதன் பொருள். "பாதுகாப்பானது" என்று அங்கே எழுத இடமில்லை.