பாஸ்வேர்டு சரிதான், ஷேர் ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை?

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றிலிருந்து ஆவணி முகூர்த்த நெருக்கடியில் கூப்பிட்டார்கள். வாசல் பக்கம் டிசைன் செய்யும் கம்ப்யூட்டர், உள்ளே பிரிண்டரோடு இன்னொன்று. உள்ளே இருந்து டிசைன் ஃபோல்டரைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது, அடித்தால் தப்பு என்கிறது. "தினம் இதைத்தானேண்ணே அடிக்கிறேன்" என்று பையன் நான்கு எண்களைக் காட்டினான்.

அது பின் நம்பர். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திறக்கத்தான் அது ஆகும், நெட்வொர்க் வழியாகச் செல்லாது.

விண்டோஸ் கேட்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை இல்லை. ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதில் உள்ள யூசரின் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். பெயர் அடிக்கும்போது முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயர், அப்புறம் பின்சாய்கோடு (பேக்ஸ்லாஷ்), அப்புறம் யூசர். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் என்றால் முழு மெயில் ஐடியும் அதன் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டே வைக்காத யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. நான் இந்த வம்பே வேண்டாம் என்று ஷேருக்கென்று தனியாக ஒரு லோக்கல் யூசரை, அதாவது அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் யூசரை, உண்டாக்கிவிடுவேன், கடையிலும் அதைத்தான் செய்தேன்.

அப்படியும் திறக்கவில்லை. பழைய பாஸ்வேர்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் போய், அந்தக் கம்ப்யூட்டர் பெயரில் இருப்பதையும் அதன் ஐபி எண்ணில் இருப்பதையும் நீக்குங்கள், இரண்டும் தனித்தனியாக இருக்கும். 1219 என்று பிழை வந்தால் ஏற்கெனவே வேறு யூசராக உள்ளே இருக்கிறீர்கள் என்று பொருள். கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ், இடைவெளி, நட்சத்திரக் குறி, இடைவெளி, சாய்கோடு, ஒட்டி டெலிட் என்று அடித்தால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும். மேப் செய்த டிரைவ்களும், அதாவது டிரைவ் எழுத்து கொடுத்து மாட்டிவைத்த ஷேர் ஃபோல்டர்களும், சேர்ந்தே போகும், திரும்ப மாட்ட வேண்டும்.

1326 வந்தால்தான் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 53 அல்லது 80070035 என்று முடிவது வந்தால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பது வீண்வேலை, அந்தக் கம்ப்யூட்டர் கண்ணிலேயே படவில்லை. ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்து ரவுட்டர் புது ஐபி கொடுத்திருக்கும், அல்லது நெட்வொர்க் பப்ளிக் என்று மாறியிருக்கும், பிரைவேட் ஆக்குங்கள்.

உள்ளே போயும் அனுமதி இல்லை என்றால் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு டேபையும் பாருங்கள், இரண்டில் எது இறுக்கமோ அதுதான் நிற்கும். 2024-இல் வந்த விண்டோஸ் 11 புரோ 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்டு டிஸ்க் பெட்டி) திறக்காமல் போனால், பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாகப் போவது அடைபட்டிருக்கும், பெட்டியிலேயே ஒரு யூசர் போடுங்கள். யாராவது ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1-ஐ ஆன் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள், 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

கடையில் ஃபோல்டர் திறந்தது. முதல் பத்திரிகையிலேயே மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, அதற்கு என்னைக் கூப்பிடவில்லை.