பழைய பேஸ்பால் அட்டை வாங்கும் முன் எண்ணைப் பாருங்கள்

அதிகம் அறியப்படாத ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்க்க விரும்புவோர், முகப்பிலுள்ள பெயரைவிட, பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையே முதலில் பார்க்க வேண்டும். 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 407 அட்டைகளில், 311 முதல் 407 வரை எண்ணுள்ளவை ஆட்டப் பருவத்தின் கடைசியில் வந்து குறைவாகவே விற்றதால், அவற்றில் யாரும் நினைவில் வைத்திராத ஆட்டக்காரரின் அட்டைக்கும் விலை அதிகம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதற்குக் கீழுள்ள எண்களே ஏற்றவை. முதல் எண்ணான ஆண்டி பாஃப்கோவின் அட்டை மட்டும் விதிவிலக்கு: சிறுவர்கள் அதைக் கட்டின் மேலே வைத்து ரப்பர் பேண்டு போட்டதால், ஓரம் நசுங்காத அட்டை அரிது. வாங்கும்போது அட்டையை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, ரப்பர் பேண்டின் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். அகலம் 2⅝ அங்குலத்திற்குக் குறைந்தால் ஓரத்தை வெட்டியிருக்கக்கூடும். மூலை மழுங்கிய அட்டையை நான் மகிழ்ச்சியோடு வாங்குவேன், வெட்டியதைத் தொடமாட்டேன்.